தூண்களுக்கு நடுவே மச்சாள்

மச்சாளின் சாம்பல் நிறச் சால்வையைத்தான் என் கண்கள் தேடின. ஸ்பெயினில் கோர்டோபா நகரத்துப் பேராலயத்துக்குள் நாங்கள் நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எங்கு பார்த்தாலும் தூண்கள். அவற்றின் மேல், சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரி போட்ட வளைவுகள், ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வரிசை, அதே அரையிருட்டு. ரொறன்ரோவிலிருந்து எங்களோடு யாத்திரை வந்தவர்கள் கட்டடத்தின் நடுவில் இருந்த பீடத்தை நோக்கிக் காலைப் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பூசை என்றால் முன்வரிசையில் இடம் பிடிக்கிறவள் மச்சாள், என் அண்ணையின் மனைவி. அன்று அவளைக் காணவில்லை.

கவலையோடுதான் தேடினேன் என்று சொன்னால் அது பொய். இன்றைக்காவது இவள் ஏதோ பிழை விட்டுவிட்டாள் என்ற சின்னச் சந்தோசம் எனக்குள் ஓடியது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதென்றால் நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகளாக இருந்த காலத்துக்குப் போகவேண்டும்.

அப்போது நானும் அண்ணையும் அம்மாவும் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. தட்டுகள் நகர்ந்து வரும் பட்டியின் ஒரு பக்கத்தில் நான் நிற்பேன், எதிர்ப்பக்கத்தில் அவள். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்தவள், முஸ்லிம் பெண். வாப்பாவின் தம்பி குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தவள். தட்டில் பன்றி இறைச்சித் துண்டு வைக்கவேண்டிய நாட்களில் நான் அவளுடைய இடத்துக்கு மாறி நிற்பேன். இடைவேளையில் இருவரும் சூடாக்கியின் பக்கத்தில் குந்தியிருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவோம். எங்களுக்குள் 'நீ', 'வா', 'போ' தான். பனியில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட்டுச் சிரிப்பதற்கு அந்த நகரத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்.

அவள் வந்து கொஞ்சக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கத்தார் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லித் துரத்திவிட்டார்கள். அவளுடைய வாப்பா தையற்கடையை அப்படியே விட்டுவிட்டு, குடும்பத்தோடு புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார். செய்தி வந்த கிழமை அவளைத் தனியே விட மனமில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா புட்டு அவித்தார். அண்ணை ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு எழுந்து நின்றார். அவர் அப்படி யாருக்காகவும் எழுந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணையும் அவளும் கலியாணம் செய்துகொண்டார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவள் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று. அவள் யோசிக்கக் கொஞ்ச நாள் கேட்டாள். பிறகு ஓம் என்றாள். அவளுடைய வாப்பா தொலைபேசியில் ஒரு கேள்விதான் கேட்டாராம்: "எங்களத் துரத்தின ஊராக்கள்ட வீட்டுக்கா போறாய்?" அதற்குப் பிறகு அவர் அவளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கலியாணத்துக்கு மறுநாள் காலை அவள் என்னிடம், "மச்சாள், நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டாள். 'நீ' போய் 'நீங்கள்' வந்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரியாதைதான். என்னிடமிருந்து எதையோ எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது போலவும் இருந்தது.

எங்கள் வீட்டில் மச்சாளுக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்துப் பார்த்து நான் வெந்தேன். அவள் மன்றாட்டுகள் எல்லாவற்றையும் பாடமாக்கினாள். தமிழ்ப் பூசையில் வாசகம் வாசித்தாள். அவளுடைய குரல் கேட்டால் பின்வரிசைப் பிள்ளைகளும் கதையை நிறுத்துவார்கள். தவக்காலத்தில் மச்சம் மாமிசம் தொடமாட்டாள். நானோ பூசைக்குப் பிந்திப் போய் முந்தி வருகிறவள். "பிறப்பில வேதக்காரி நீ. அவவைப் பாத்தெண்டாலும் பழகு" என்று அம்மா சொல்லுவார். அம்மா அவளைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். என்னைப் பெயர் சொல்லி.

அம்மாவின் கடைசி நாட்களில் நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலடியில் இருந்தேன். ஒரு பின்னேரம் அம்மா கண்ணைத் திறக்காமலே, "பிள்ளை வந்திட்டாவோ?" என்று கேட்டார்.

"நான் இருக்கிறன் அம்மா."

"நீ இருக்கிறாய், தெரியும். பிள்ளை எங்க? செபமாலை சொல்லோணும்."

எனக்கும் செபமாலை தெரியும். நான் எழுந்துபோய் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அவளுடைய கையைப் பிடித்தபடிதான் அம்மா போனார்.

அம்மா போய் இரண்டு வருடத்தின் பிறகு, எங்கள் கோயில் பங்குத் தமிழ் ஆட்கள் ஐரோப்பாவுக்கு யாத்திரை ஒழுங்கு செய்தார்கள். பாத்திமா, லூர்து, இடையில் ஸ்பெயினில் சில ஊர்கள். அண்ணைக்கு முழங்கால் வருத்தம், அவர் வரவில்லை. மச்சாளுக்குத் துணையாக என்னைப் போகச் சொன்னார். எனக்கு அறுபது நெருங்கியிருந்தது, கலியாணம் செய்யவில்லை, மோர்னிங்சைட்டில் தனியே இருந்தேன். எனக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்று அண்ணை நினைத்தார். மச்சாளோடு ஓர் அறையில் ஒன்பது நாள் படுத்தெழும்புவது எனக்கு மாறுதல் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பாத்திமா போர்த்துக்கல்லில் உள்ள மாதா திருத்தலம். அங்கே மெழுகுதிரி வாங்கக் கடையில் நின்றபோது மச்சாள் ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்து, "என்ர உம்மான்ர பேரும் இதுதான்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் தன் தாயின் பெயரை எனக்குச் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டு மெழுகுதிரியின் விலையைக் கேட்கப் போய்விட்டாள்.

அடுத்த நாள் கோர்டோபாவுக்குப் பஸ்ஸில் நீண்ட பயணம். மச்சாள் புறப்படுவதற்கு முன்பே நூலகத்தில் புத்தகம் எடுத்து அந்த இடத்தைப் பற்றி வாசித்திருந்தாள். எனக்குத்தான் சொல்லத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக முன் இருக்கை அன்ரிமாரும் பின் இருக்கை அங்கிள்மாரும் காது கொடுத்தார்கள். எனக்கென்று தொடங்கிய கதையும் கையை விட்டுப் போயிற்று.

"அந்தப் பேராலயம் முதல்ல பள்ளிவாசல், அதைக் கட்டத் தொடங்கினவர் ஒரு அகதி" என்றாள் மச்சாள். "டமாஸ்கசில அரசாண்ட குடும்பத்துப் பெடியன். எதிராளியள் வந்து குடும்பத்தை முழுக்க வெட்டிப்போட்டினம். இவரும் தம்பியாரும் ஆத்தில குதிச்சு நீந்தினவை. கரையில நிண்டவை கூப்பிட்டினமாம், திரும்பி வாங்கோ, உங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டம் எண்டு. தம்பி களைச்சுப்போனான். நம்பித் திரும்பிட்டான்."

"பிறகு?" என்று ஓர் அன்ரி கேட்டார்.

"கரையில வைச்சே வெட்டினவை. தமையன் நடு ஆத்தில நிண்டு பாத்தவராம்."

அந்தப் பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலை இரவோடு இரவாக வள்ளத்தில் தாண்டி வந்தவர்கள். பின்னால் ஓர் அங்கிள் தொண்டையைச் செருமினார். அவருடைய மனைவி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மச்சாள் தொடர்ந்தாள். அந்த இளவரசன் பாலைவனங்களைக் கடந்து, கடல் கடந்து ஸ்பெயினுக்கு வந்து அரசனானான். கோர்டோபாவில் ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில் இருந்த இடத்தை அவன் விலை கொடுத்து வாங்கிப் பள்ளி கட்டினான் என்று சொல்கிறார்கள். இடிந்த உரோமக் கட்டடங்களிலும் பழைய கோயில்களிலும் கிடந்த தூண்களைப் பொறுக்கி எடுத்து நிறுத்தினான். ஒன்று கட்டை, ஒன்று நெட்டை, அதனால் தரையில் தாழ்த்தியும் உயர்த்தியும் சரிக்கட்டினார்கள். மகனும் அவனுக்குப் பின் வந்தவர்களும் அதைப் பெருப்பித்துக்கொண்டே போனார்கள். சில நூற்றாண்டுகள் கழித்து ஒரு கிறிஸ்தவ அரசன் நகரத்தைப் பிடித்தான். பள்ளியை இடிக்கவில்லை. மந்திரித்துக் கோயிலாக்கி, அங்கேயே பூசை வைத்தார்கள். அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு ஓர் ஆயர், தூண்களின் நடுப்பகுதியைப் பெயர்த்துவிட்டு உயரமான பேராலயம் ஒன்றை உள்ளே எழுப்ப விரும்பினார். நகரசபை விடவில்லை. கை வைக்கிற வேலையாளுக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. அப்போதிருந்த அரசன் ஆயரின் பக்கம் நின்று உத்தரவு கொடுத்தான். பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றைக் கெடுத்துவிட்டோமே என்று வருந்தினானாம்.

"எண்டாலும் மிச்சம் அப்பிடியே இருக்கு" என்று மச்சாள் முடித்தாள். "உள்ளுக்க கோயில், சுத்திவரப் பள்ளி."

மறுநாள் காலை ஆலயத்தின் முற்றத்தில், ஆரஞ்சுப் பழத் தோடை மரங்களுக்குக் கீழே நின்றபோது எங்கள் ஆட்களுக்குள் வாக்குவாதம் கிளம்பியது.

"அவையள் முதல்ல எங்கட கோயில் இருந்த இடத்திலதானே கட்டினவை" என்றார் ஓர் அங்கிள்.

"காசு குடுத்தெல்லோ வாங்கினவர். இப்பதானே பஸ்ஸில சொன்னவ."

"அரசன் காசு நீட்டினா ஆர் மாட்டன் எண்டுவினம்?"

எங்களோடு வந்த சுவாமி, "பூசைக்கு நேரமாச்சு, உள்ளுக்க வாங்கோ" என்று எல்லோரையும் நடத்தினார். வாசலில் மச்சாள் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டதைக் கண்டேன். எங்கள் பெண்களும் முக்காடு போடுகிறவர்கள்தான், அதனால் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அவளைத் தொலைத்தேன்.

கடைசியில், கட்டடத்தின் தெற்குச் சுவர்ப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். அங்கே பொன்னிறமும் நீலமுமாக மினுங்கும் கல் பதித்த ஒரு மாடம் இருந்தது. முஸ்லிம்கள் தொழும்போது நோக்கி நிற்கிற மாடம், மிஹ்ராப். அதற்கு முன்னால் இரும்பு வேலி. வேலியிலிருந்து சற்றுத் தள்ளி மச்சாள் நின்றாள். கைகளை உயர்த்தவில்லை. தலை குனியவில்லை. சுற்றுலாப் பயணி ஒருத்தி மாதிரித்தான் நின்றாள். ஆனால் சால்வையின் கரையில் அவளுடைய உதடு அசைவது பக்கவாட்டில் எனக்குத் தெரிந்தது. கன்னம் முழுக்க ஈரம்.

அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். முப்பது வருடமாக அம்மா மெச்சிய பக்தி இதுதானா என்று நினைத்தேன். பூசை மணி கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று பீடத்தை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் எல்லாப் பதிலையும் சொன்னாள். முழங்காலில் நின்றாள். வரிசையில் போய் நற்கருணை அப்பமான நன்மையை வாங்கி, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை. அங்கே வேலிக்கு முன்னால் கண்ட அதே முகம். எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் போனது. நானும் நன்மை வாங்கினேன். வாங்கும்போது என் கண் அவளில் இருந்தது.

பூசை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் கேட்டேன்.

"அங்க நிண்டு ஓதினீங்களோ?"

அவள் திடுக்கிடவில்லை. "ஓம். மனசுக்குள்ள."

"பிறகு வந்து நன்மையும் எடுத்தனீங்கள்."

"எடுத்தனான்."

"இதில எது உண்மை மச்சாள்?"

அவள் தோடை மரத்தடிக் கல்லில் இருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். "வாப்பா மௌத்தாகிட்டார். போன மாசம். நானா போன் எடுத்துச் சொன்னவர்."

மௌத் என்றால் மரணம், நானா என்றால் அவளுடைய தமையன். சில வருடங்களாக ரொறன்ரோவில், ரூஜ் பக்கம் இருக்கிறார் என்று தெரியும். வாப்பாவுக்குப் பயந்து அவரும் இவளோடு கதைப்பதில்லை.

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லி? கோயில்ல அவருக்கு ஒரு பூசை குடுக்கலாம். அவர் அதை விரும்புவாரோ? பள்ளிக்குப் போய் ஓத எனக்கு என்ன முகம் இருக்கு? ஒரு மாசமா எங்கயும் அவருக்காக ஒண்டும் சொல்ல வாய் வரேல்லை. இங்க வந்து நிண்டன், வந்திட்டுது. பாத்திஹா முழுக்க வந்தது. யாசீன் பாதியில மறந்துபோச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கையை உயர்த்தேல்லை. இது இப்ப கோயில், அவையின்ர ஒழுங்கு அது. நீ கேட்டாயே எது உண்மையெண்டு. நான் ரெண்டு இடத்திலயும் பொய் சொல்லேல்லை."

'நீ' என்று சொன்னதை அவள் கவனித்தாளோ தெரியாது. நான் கவனித்தேன். அந்தக் கல்லில் இருந்தபோது அவளுக்காக நான் கவலைப்பட்டேன், அது உண்மை. அதே நேரம், பேசாமல் விட்ட ஒரு தகப்பனுக்காக முப்பது வருடம் கழித்தும் இப்படி உருகுவதற்கு அவளிடம் ஒன்று மிச்சம் இருக்கிறதே என்று எரிந்தேன். இரண்டு கடவுளிடமும் போய் நிற்க அவளுக்கு முகம் இருந்தது. நான் என்னுடைய ஒரே கோயிலில் கடிகாரம் பார்க்கிறவள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய கிழமையே அவள் அண்ணையிடம் சொன்னாள். நாற்பதாம் நாளுக்கு வாப்பாவின் பெயரில் குர்ஆன் கத்தம் ஓதி, நாலுபேருக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும், நானா வருவார் என்றும் சொன்னாள். அண்ணை என் வீட்டுக்கு வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"மாதா படத்துக்கு முன்னால எப்பிடி ஓதுறது? கோயில் சனம் கேள்விப்பட்டா என்ன சொல்லும்?" என்றார். பிறகு, "உனக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"உனக்குச் சொன்னவளோ? எனக்கு முதல்?"

அவருடைய முகத்தில் இருந்ததை நான் நன்றாக அறிவேன். வருடக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்த முகம் அது. மனதுக்குள் தேன் குடித்தது போல் இருந்தது எனக்கு. அந்த இனிப்பில்தான் சொன்னேன்: "என்ர வீட்டில ஓதட்டும்."

அந்த ஞாயிறு பின்னேரம் நானா, மனைவியோடும் ஒரு பெரிய சோற்றுச் சட்டியோடும் வந்தார். குழாய் வேலை செய்கிற ஆள், அகன்ற கைகள். வாசலில் மச்சாளைக் கண்டதும் சட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் அவளுடைய தலையில் கை வைத்து, "மெலிஞ்சிட்டியே புள்ள" என்றார். அவ்வளவுதான். இருவரும் அப்படியே நின்று அழுதார்கள். அண்ணை கோயில் மண்டபத்து மடக்குக் கதிரைகளை இரவல் வாங்கி மின்தூக்கியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் நிலத்தில் விரிப்பில் இருந்ததால் கதிரைகள் சுவரில் சாய்ந்தபடி கிடந்தன. அண்ணை சப்பாத்தைக் கழற்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தானும் நிலத்தில் இருந்தார்.

நானா ஓதினார். மச்சாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணையின் மகள் குசினிக்குள் வந்து என் காதருகே, "மாமி, சோ அம்மா இப்ப போத்தா? ரெண்டு சமயமுமா?" என்று கேட்டாள்.

"அம்மாட்டக் கேள்" என்றேன்.

"கேட்டன். சாப்பாட்டைப் போடு எண்டு சொன்னா."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வந்தபோது நானா என்னிடம் சொன்னார்: "உங்களத் தெரியும். தங்கச்சி உம்மாவோட ஒவ்வொரு கிழமையும் போன்ல கதைக்கிறவ, வாப்பாக்குத் தெரியாம. எப்பவும் உங்களப் பத்தித்தான். பண்டி இறைச்சி வரக்க நீங்க இடம் மாறி நிண்டது வரைக்கும் உம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கா. கனடாவில எனக்கு ஒரு கூட்டாளி இருக்கா எண்டுதான் சொல்லுவாவாம்."

நான் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சட்டியைத் தேய்த்தேன். ஒவ்வொரு கிழமையும். எங்களில் ஒருவருக்கும் தெரியாமல். புத்தளத்தில் நான் முகம் அறியாத ஒரு தாய்க்கு என்னைத் தெரிந்திருந்தது. எனக்கு அவருடைய பெயர் மட்டும்தான் தெரியும். மச்சாள் துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்னைப் பற்றிக் கதைக்க அங்க ஆள் இருந்தது" என்றாள். "அவையளைப் பற்றி இங்க எங்க வைச்சுக் கதைக்கிறது?"

இப்போது மூன்று வருடம் ஆகிறது. மச்சாள் ஞாயிறு தவறாமல் பூசையில் வாசகம் வாசிக்கிறாள். கோயில் சனம் கொஞ்ச நாள் கதைத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. நோன்பு மாதத்தில் நானா வீட்டுக்கு நோன்பு திறக்கப் போகிறாள். அண்ணைக்கு இரவில் கார் ஓட்டக் கண் போதாது என்பதால் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். முதல் வருடம் காரிலேயே இருந்தேன். நானா வெளியே வந்து யன்னலில் தட்டி உள்ளே கூப்பிட்டார்.

இந்த வருடமும் போனோம். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், பேரீச்சம்பழம், ஆவி பறக்கும் கஞ்சி. மச்சாள் எழுந்து நின்று அகப்பையால் கோப்பைகளில் கஞ்சி ஊற்றினாள். முதல் கோப்பையை நானாவின் மனைவிக்கு நீட்டினாள். இரண்டாவதை எனக்கு.